மழைக்கு முன் வைத்த நான்கு முத்திரைகள்

என் அக்கா பதினான்கு ஆண்டுகள் ஒரு பாத்திரக் கடையில் காசாளராக இருந்தாள். கடை கைமாறியபோது வேலை போயிற்று. எட்டு மாதம் வீட்டிலிருந்தாள். பிறகு, நாற்பத்தொன்றாம் வயதில், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குச் சேமிப்பைப் பழக்கும் ஓர் அறக்கட்டளையில் களப்பணியாளராகச் சேர்ந்தாள். எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் அவளுடைய பெயருக்கு நேரே இதுவரை இவ்வளவுதான் இருந்தது. அந்த வேலையின் ஒன்பதாம் ஆண்டில் நடந்ததைச் சேர்க்காவிட்டால் அவளுடைய பக்கம் அரைகுறையாகவே நிற்கும். நான் நேரில் கண்டவை சிலவே. மற்றவற்றை அக்காவிடமும் சம்பந்தப்பட்ட தம்பதியிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப்போனவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

அறக்கட்டளையின் திட்டம் சிக்கலானதன்று. ஒரு குடும்பம் முப்பத்தாறு மாதம் தன்னால் இயன்றதைச் சேமிக்க வேண்டும். முடிவில், சேர்ந்த தொகை எவ்வளவோ அதே அளவை அறக்கட்டளையும் போடும். ஆனால் அந்தப் பணத்தைக் கையில் வாங்கிச் செலவழித்துவிட முடியாது. தொழிலுக்கான கருவி, சிறு கடை, வீடு, படிப்பு என்று நிலைத்து நிற்கும் ஒன்றை வாங்க வேண்டும். அதை விற்பவரிடம் அறக்கட்டளையே நேராகப் பணம் கட்டிவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் முப்பத்தாறு கட்டங்கள் போட்ட ஓர் அட்டை உண்டு. அக்கா வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கி, ரசீது எழுதிக் கொடுத்து, அந்தந்த மாதத்துக் கட்டத்தில் முத்திரை வைப்பாள்.

ஆறு தெருக்களும் அவற்றின் சந்துகளும் அவள் பொறுப்பு. அறுபத்து மூன்று குடும்பங்கள். அங்கே அவளுக்கு 'உண்டியல் அக்கா' என்று பெயர். அத்தானுக்கு இந்தப் பெயரில் தீராத மகிழ்ச்சி. "உண்டியல்னா குலுக்கினாத்தான் சத்தம் வரணும். எங்க வீட்டு உண்டியல் குலுக்காமலே சத்தம் போடுது" என்பார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருந்தது. யாராவது ஒரு வாரம் பணம் தரத் தவறினால் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை போயிற்று, யார் குடித்துவிட்டு வந்தார் என்று வாய் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த அறுபத்து மூன்றில் ஒரு குடும்பம் ஏணியுடையது. ஏணி கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். உயரத்தால் வந்த பெயர். அவர் மனைவி, பெயின்ட் ஏறுவதற்கு முன் சுவரைத் தேய்த்து வழவழப்பாக்குபவர். அவரை எல்லோரும் 'உப்புத்தாள்' என்றே அழைத்தார்கள். தொழிலுக்கும் அந்தப் பெயர் பொருந்தியது, நாக்குக்கும் பொருந்தியது. ஒரு சந்தின் கடைசியில் இரண்டு அறைகளில், இரண்டு பெண்பிள்ளைகளோடு அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள்.

அவர்களுடைய குறை ஒன்றே ஒன்றுதான்: சொந்தமாகச் சாரம் கிடையாது. மாடிச் சுவரில் வேலை செய்ய இரும்புக் குழாய்களை நிறுத்தி, குறுக்கே பூட்டி, பலகை போட்டு நிற்க வேண்டும். அந்தச் சாரத்தை நாள் வாடகைக்கு எடுத்ததில் கூலியில் கால் பங்கு கரைந்தது. சாரம் இல்லாதவரை முழுக் கட்டடத்தையும் யாரும் ஏணியை நம்பி ஒப்படைக்கவும் மாட்டார்கள்; இன்னொருவரிடம் கூலிக்குத்தான் போக வேண்டும். "நான் சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கலக்கா. அந்த ஆளோட பைப்புக்கு வாடகை அடிக்கிறேன்" என்று அவர் சொன்னதை அக்கா அடிக்கடி எங்களிடம் திருப்பிச் சொல்வாள்.

வாடகைக்கு விடும் அந்தச் சாரக்காரர் வயதானவர். தொழிலை முடித்துக்கொண்டு வேறு ஊரில் மகனோடு போய் இருக்கப் போவதாகவும், ஏணியின் திட்டம் முடியும் மாதம்வரை ஒரு செட்டை அவருக்காக வைத்திருப்பதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். புதிதின் விலையில் பாதி. அந்தத் தம்பதியின் சேமிப்பும் அறக்கட்டளையின் பங்கும் சேர்ந்தால் அந்த விலைக்குச் சரியாக இருக்கும்.

இனி அக்கா செய்த தவறுக்கு வருகிறேன்.

வெளிச்சுவர் வேலை வெயில் காலத்தில்தான் உண்டு. மழை தொடங்கினால் நான்கு மாதம் வருமானம் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே அக்கா தன் தெருக்களில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தாள். கையில் காசு புரளும்போதே மழை மாதங்களுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்வாள். அட்டையில் அந்த வரப்போகும் மாதங்களின் கட்டங்களிலும் முத்திரை வைத்துவிடுவாள். முதல் இரண்டு ஆண்டுகள் உப்புத்தாள் இரண்டிரண்டு மாதங்களுக்கு முன்கூட்டிக் கட்டினார். மிச்ச மழை மாதங்களை எப்படியோ சமாளித்தார். மூன்றாம் ஆண்டு ஒரு பெரிய பள்ளிக் கட்டடத்தின் வேலை கிடைத்தது. கூலி வந்த அன்றே நான்கு மாதத் தொகையை ஒன்றாகக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தார்.

"எண்ணிக்குங்க. இனி மழை கூரையைப் பிச்சுக்கிட்டுப் பெஞ்சாலும் எனக்குக் கவலை இல்ல."

அக்கா ஒரே ரசீது எழுதினாள். நான்கு கட்டங்களில் நான்கு முத்திரை வைத்தாள். அந்த அட்டையை மற்ற வீடுகளிலும் காட்டி, இப்படி இருக்க வேண்டும் என்று பெருமையாகச் சொன்னாள்.

மழைக்காலத்தின் மூன்றாம் மாதம் முடிந்து நான்காவது தொடங்கிய வாரம், மேலாளர் அவளை அழைத்தார். மேலாளர் அக்காவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கணினித் திரையில் ஒரு வரி சிவப்பாக இருந்தது.

"அக்கா, இந்தக் கணக்கு மூணு மாசமா அசையவே இல்லையே?"

"அசையாம என்ன மேடம். அவங்க நாலு மாசத்துக்கும் சேர்த்து முன்னாடியே கட்டிட்டாங்க. நான்தான் வாங்கினேன்."

"ஒரே நாள்ல ஒரு தொகை வந்திருக்கு. அதுக்கப்புறம் மூணு மாசம் ஒண்ணுமே இல்ல."

"அது முன்பணம் மேடம்."

"நம்ம திட்டத்துல முன்பணம்னு ஒண்ணு கிடையாதுக்கா. நமக்குப் பணம் குடுக்கிறவங்க, மாசா மாசம் யார் யார் போட்டாங்கன்னு பட்டியல் கேக்கறாங்க. பட்டியல்ல பேர் இல்லாத மாசம் விட்ட மாசம்தான். தொடர்ந்து மூணு விட்டா கணக்கை எடுத்துடணும். அவங்க போட்டது மட்டும் திரும்பக் கிடைக்கும்."

"அட்டையில முத்திரை இருக்கே!"

"யார் வெச்ச முத்திரை அது?"

விதி அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. ஒன்பது ஆண்டுகளில் அதை நூற்றுக்கணக்கானவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியவள் அவள். ஒவ்வொரு மாதமும் செலுத்த வேண்டும் என்பதை, ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய பணம் வந்துசேர வேண்டும் என்றே புரிந்துகொண்டிருந்தாள். பணம் தாமதமாவதைத் தடுப்பதிலேயே குறியாக இருந்தவளுக்கு, சீக்கிரம் வருவதும் குற்றமாகும் என்று தோன்றவே இல்லை.

பட்டியல் அடுத்த பத்தாம் நாள் அனுப்பப்படும் என்றார் மேலாளர். அதற்கு முந்தைய நாள் அறக்கட்டளையின் முடிவெடுக்கும் குழு கூடும். சொல்ல ஏதாவது இருந்தால் அங்கே சொல்லலாம்.

அன்று மாலை அக்கா அறுபத்து மூன்று குடும்பங்களின் ரசீதுப் பிரதிகளையும் கூடத்தில் பரப்பி உட்கார்ந்தாள். அதே வழக்கப்படி முன்கூட்டிக் கட்டியவர்கள் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். பிந்திய மழை மாதங்களுக்கென்று கட்டியிருந்ததால் அவர்களுக்கு இரண்டு மாதமே விட்டிருந்தது. இந்த மாதமும் விட்டால் மூன்று. மறுநாளிலிருந்து இரண்டு நாள், முழங்கால்வரை நனைந்துகொண்டு, அந்த ஐந்து கதவுகளையும் தட்டினாள்.

"என்னக்கா இது, போன வாரம்தானே என் அட்டையைப் பாத்து சபாஷ்னீங்க?" என்று மிதிவண்டி பழுது பார்ப்பவர் கேட்டார்.

"சொன்னேன். வாபஸ் வாங்கிக்கறேன். இப்போ ஒரு நூறு குடு."

"கடன் வாங்கினவன்கூட இவ்வளவு ஓடமாட்டான். பணத்தைக் கட்டினவனைத் துரத்துறீங்க!"

"நூறைக் குடுத்துட்டு என்ன வேணா பேசு."

ஐந்து பேரும் கொடுத்தார்கள். ரசீதில் தேதியைப் போட்டுவிட்டு அதை இரண்டு முறை உரக்கப் படித்தாளாம். ஆனால் ஏணியின் வீட்டுக்கு அவள் போகவில்லை. மூன்று முறை அந்தச் சந்தின் முனைவரை போனாள். மூன்று முறையும் திரும்பிவிட்டாள். அந்த நாட்களில் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. அத்தான் அன்று கேலி செய்யவில்லை.

அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் இருந்தார். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர். நல்ல மனிதர், அக்காவின்மேல் மதிப்பு உள்ளவர். மதிய இடைவேளையில் அவளைத் தனியே அழைத்து ஒரு வழி சொன்னார்.

"பழைய ரசீதுப் புத்தகத்துல நாலு தாள் காலியா இருக்கு. மாசத்துக்கு ஒண்ணா தேதி போட்டு எழுதுங்க. அவங்க கையில இருக்கிற ரசீதை வாங்கிக் கிழிச்சுடுங்க. கணினியில நான்தான் தப்பா ஏத்திட்டேன்னு மேடம்கிட்ட சொல்லிக்கறேன்."

"அது பொய்யில்லையா?"

"பணம் பொய்யா? வந்த பணம்தானே. தேதி மட்டும் கொஞ்சம் நகர்ந்து உக்காருது. அதுக்கு வலிக்கவா போகுது?"

அக்கா மறுக்கவில்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும். அந்தப் பழைய புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டுதான் அவள் வீடு திரும்பினாள். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குப் புத்தகத்தை மேசைமேல் விரித்து, பேனாவைத் திறந்து, எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணி சுமாருக்குக் கதவு தட்டப்பட்டது. உப்புத்தாள் நின்றிருந்தார். மழை மாதங்களில் அவர் ஒரு மரக்கடையில் கதவுகளைத் தேய்க்கப் போவார். கைகளில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"மூணு தடவை சந்து முனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனீங்களாமே. எங்க வீட்ல நாயா வளக்கறோம்?"

"உள்ள வா. உக்காரு."

"உக்கார வரல. என்ன விஷயம்னு சொல்லுங்க. சாரக்காரர் வித்துட்டாரா?"

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை உப்புத்தாள் குறுக்கிடவில்லை. அவருடைய வழக்கத்துக்கு அது புதிது. பிறகு இடுப்பிலிருந்த சிறிய பையைத் திறந்து அட்டையை எடுத்துக் கட்டங்களின்மேல் விரலை ஓட்டினார்.

"இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு. நாலும் நீங்க வெச்சதுதானே?"

"நான்தான்."

"அப்போ நான் பணத்தை வீட்லயே வெச்சிருந்து, மாசா மாசம் பிச்சுப் பிச்சுக் குடுத்திருந்தா சரியா இருந்திருக்கும்?"

"சரியா இருந்திருக்கும்."

"வீட்ல இருந்தா செலவாயிடும்னுதானே உங்ககிட்ட ஓடி வந்தேன்!" அத்தான் கொண்டுவந்து வைத்த தேநீரை அவர் தொடவில்லை. மேசைமேல் விரிந்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். எழுதப்படிக்கத் தெரிந்தவர்; புதிய ரசீது எழுதுவதென்றால் பழையதைக் கிழிக்க வேண்டும் என்று புரிந்துகொள்ள அவருக்குக் காலித் தாள்களும் திறந்த பேனாவும் போதுமானவையாக இருந்தன. அட்டைக்கு அடியிலிருந்து ரசீதை உருவினார்.

"இதைக் கிழிச்சா சரியாயிடுமா? சொல்லுங்க. இப்பவே கிழிக்கிறேன்."

தாளின் இரண்டு பக்கத்திலும் அவருடைய விரல்கள் ஏறிவிட்டன. அக்கா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ரசீதை வாங்கி, நான்காக மடிந்திருந்ததை நீவி, தன் பையிலிருந்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, திருப்பிக் கொடுத்தாள்.

"இதைக் கிழிச்சா உன் கையில என்ன இருக்கும்? நான் சொன்ன வார்த்தை மட்டும்தான் இருக்கும். அது எவ்வளவு தூரம் தாங்கும்னு இப்போ பாத்துட்டே இல்ல?"

"தாங்கலன்னா சாரம் போயிடும்க்கா."

"தெரியும். நீ அந்தத் தாளோட குழுவுக்கு வா. நானும் வரேன்."

குழுவுக்கான கடிதத்தை அக்கா அன்றே எழுதினாள். நான்கு முத்திரைகளும் தான் வைத்தவை, முன்கூட்டிக் கட்டும்படி சொன்னவள் தான், குடும்பம் பணம் செலுத்தத் தவறவே இல்லை, தவறு முழுவதும் தன்னுடையது என்று அரைப் பக்கம். அந்த ஆண்டு அவளுக்கு வேலை நிரந்தரமாவதாக இருந்தது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

குழுவில் மூவர்: ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி தலைவர், ஒரு பெண் வழக்கறிஞர், மேலாளர். அக்காவின் கடிதம் படிக்கப்பட்டது. தலைவர் ரசீதை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு உப்புத்தாளிடம், ஏன் நான்கு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினீர்கள் என்று கேட்டார்.

"மழையில எங்களுக்கு வேலை இல்லைங்க. இருக்கிறப்போவே போட்டுட்டோம்."

"விதி மாசா மாசம்னு இருக்கே?"

"ஐயா, ஒரு மாசம் தாமதமா குடுக்கிறவங்களை என்ன செய்வீங்க?"

"ஒரு மாசம்தானே. மன்னிப்போம்."

"தாமதமா குடுத்தவங்களுக்கு மன்னிப்பு. முன்னாடியே குடுத்த எனக்குத் தண்டனை. இது எந்த ஊரு நியாயம்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லிடுங்க, நான் பேசாம போயிடறேன்."

வழக்கறிஞர் சிரிப்பை அடக்க வாயைக் கையால் மூடினார். தலைவர் சிரிக்கவில்லை. அக்காவையும், உடன் வந்திருந்த ஏணியையும் உப்புத்தாளையும் வெளியே காத்திருக்கச் சொன்னார்.

நடைவழியில் ஒரு நீளப் பலகை. அக்கா ஓர் ஓரத்தில், உப்புத்தாள் நடுவில், ஏணி மறு ஓரத்தில் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல். குடைகளிலிருந்து நீர் சொட்டியது. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஏணி எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இது அடியிலேர்ந்து ஈரம் ஏறிப்போச்சு. முழுசா உரிச்சுட்டுத்தான் அடிக்கணும்."

"உள்ள நம்ம கணக்கை உரிச்சுக்கிட்டிருக்காங்க. நீ சுவத்தைப் பாரு."

"வேற எதைப் பாக்கச் சொல்றே? கதவைப் பாத்தா பயமா இருக்கு."

அக்கா கதவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டு முறை திறந்தது. ஒரு முறை தண்ணீர் கேட்டு, ஒரு முறை ஏதோ கோப்புக் கேட்டு. இரண்டு முறையும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

முடிவை மேலாளர் படித்தார். கணக்கு நீக்கப்படாது. ஆனால் அந்த நான்கு மாதங்கள் எண்ணிக்கையில் சேரா. ஆகவே திட்டம் நான்கு மாதம் நீளும். இனி வரும் எட்டு மாதங்களில் ஒரே ஒரு மாதம் தவறினாலும் வேறு பேச்சில்லை. அக்காவிடமிருந்து ரசீதுப் புத்தகம் ஓராண்டுக்குத் திரும்பப் பெறப்படும். அவளுடைய தெருக்களில் இன்னொருவர் பணம் வசூலிப்பார். எந்தக் குடும்பத்தின் பணத்தையும் அவள் கையால் தொடக்கூடாது. நிரந்தரம் இந்த ஆண்டு இல்லை.

"சரி மேடம்" என்றாள் அக்கா. முத்திரையையும் மைப்பெட்டியையும் மேசைமேல் வைத்தாள்.

கணக்குத் தப்பியதே தவிர, சாரம் தப்பவில்லை. சாரக்காரர் நான்கு மாதம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்; அவரோ கிடங்கைக் காலிசெய்யத் தேதி குறித்துவிட்டார். மூவரும் நேராக அவர் வீட்டுக்குப் போனார்கள்.

"நாலு மாசமா? நான் அப்போ இங்க இருக்கவே மாட்டேன். நேத்துகூட ஒருத்தன் ரொக்கத்தோட வந்தான். உன் மூஞ்சிக்காகத்தான் அனுப்பிச்சேன்."

அக்கா, பணத்தை அறக்கட்டளையே நேராக அவருக்குக் கட்டும் என்று எழுதி வாங்கித் தருவதாகச் சொன்னாள். கடிதத்தை வைத்துக்கொண்டு கிடங்கு வாடகை கட்ட முடியுமா என்று அவர் கேட்டார். ஏணி வாசலில் நின்று அந்த வீட்டின் முகப்பை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த வீட்டையும் விக்கிறீங்களா?"

"விக்காம? தூக்கிக்கிட்டா போகப் போறேன்?"

"இந்த மூஞ்சியோடவா?"

"யாரு மூஞ்சியைச் சொல்றே?"

"வீட்டு மூஞ்சிண்ணே. பாசி புடிச்சு, பொருக்கு உரிஞ்சு கெடக்கு. வாங்க வர்றவன் வாசல்லயே விலையைப் பாதியாக்கிடுவான். வெயில் வந்ததும் உள்ளயும் வெளியயும் தேச்சு ரெண்டு கோட்டு அடிச்சுக் குடுக்கறேன். கூலி வேணாம். பெயின்ட் மட்டும் வாங்கிக் குடுங்க. எங்க அட்வான்ஸ் அதுதான். கிடங்கு காலியாகிறப்போ பைப்பை எங்க சந்துல அடுக்கிக்கறோம்."

"பணம் வராம பொருள் உன் வீட்டுக்கு வரணுமா? நல்லா இருக்கே கதை!"

"சங்கிலி போட்டுப் பூட்டுங்க. சாவியை நீங்களே கொண்டு போங்க. ஒரு பைப்பைக்கூடத் தொடமாட்டோம்" என்றார் உப்புத்தாள்.

கிழவர் வீட்டைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். மூன்று கோட்டு என்றார். இரண்டரை என்று ஒன்று கிடையாது என்பதால் மூன்றுக்கே முடிந்தது.

வெயில் வந்தது. பதினெட்டு நாட்கள் கூலியின்றித் தம்பதி அந்த வீட்டைத் தேய்த்து அடித்தார்கள். அடுத்து வந்த மாதங்களில் வேலை நிறையவே கிடைத்தது. ஆனால் சொந்தச் சாரம் சந்தில் சங்கிலிக்குள் கிடக்க, ஏணி வேறொருவரிடம் வாடகைச் சாரம் எடுத்து வேலைக்குப் போனார். ஒரு மாதம் தவறினால் அந்தப் பதினெட்டு நாள் உழைப்பும் குழாய்களும் சேர்ந்தே போய்விடும். அக்காவுக்கு அந்தக் கணக்குத்தான் எந்நேரமும். வசூலிக்க வரும் புதிய பெண்ணிடம் ஒவ்வொரு மாதமும் "ஏணி வீட்ல வாங்கியாச்சா?" என்று கேட்டு, ரசீது எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகே மூச்சு விடுவாள்.

ஏழாம் மாதத்தின் கடைசி நாள். பிற்பகல் ஒன்றேகால் மணிக்கு அக்கா வழக்கம்போல் கேட்கப் போனபோது, புதிய பெண் மூன்று நாளாகக் காய்ச்சலில் வரவில்லை என்று தெரிந்தது. பேரேட்டைப் புரட்டினாள். ஏணியின் பெயருக்கு நேரே அந்த மாதம் ஒன்றும் இல்லை. அறக்கட்டளையின் கணக்கில் நேராகக் கட்டிவிடலாம், ஆனால் வங்கி மூன்று மணிக்கு மூடிவிடும். உப்புத்தாளின் செல்போன் அணைந்திருந்தது. வேலை நடக்கும் இடம் எது என்று மூன்று பேரைக் கேட்டு, ஒரு மருத்துவமனையின் பின்பக்கச் சுவரில் அவரைக் கண்டுபிடித்தபோது இரண்டு மணி தாண்டியிருந்தது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாசம் போட்டியா?"

"அந்தப் பொண்ணு வரும்னு எடுத்து வெச்சிருக்கேனே. இதோ இடுப்புலயே இருக்கு. இந்தாங்க."

அக்கா இரண்டடி பின்னால் போனாள். "நான் தொடக்கூடாது. கிளம்பு."

"இப்படியேவா? தூசியோட?"

"இப்படியேதான். நட!"

வெள்ளைத் தூசி அப்பிய முகத்தோடு உப்புத்தாள் ஓடினார். அக்கா பின்னால் ஓடினாள். ஐம்பது வயதில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. அன்று ஓடியதாக இருவருமே சொல்கிறார்கள். வங்கியில் எட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். அக்கா அந்த எட்டுப் பேரிடமும் கைகூப்பினாள். ஏழு பேர் வழிவிட்டார்கள். எட்டாமவர் விடவில்லை, அவர் ஒரு பெட்டி நிறையச் சில்லறை கொண்டுவந்திருந்தார். காசாளர் அதை எண்ணி முடித்தபோது கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்தாறு. உப்புத்தாளின் பணம் இரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஏறியது. அந்தச் சீட்டின் பிரதி என்னிடம் இருக்கிறது. நேரம் அதில் அச்சாகியிருக்கிறது.

எட்டாம் மாதத்துப் பணத்தை அவர் மாதத்தின் முதல் நாளே வங்கியில் கட்டினார். மாதம் முடிந்ததும் அறக்கட்டளை பணத்தை அனுப்பியது. மூன்றாம் நாள் சாரக்காரர் சாவியோடு வந்தார். பூட்டு துரு ஏறித் திறக்கவில்லை. ஏணி டர்பன்டைன் ஊற்றிப் பார்த்தார். கடைசியில் கம்பி வெட்டியால் சங்கிலியையே வெட்ட வேண்டியதாயிற்று. குழாய்களையும் பலகைகளையும் எண்ணிச் சரிபார்த்தார்கள். குழாயோடு குழாயைப் பிணைக்கும் பூட்டுக்கண்ணிகளில் இரண்டு குறைந்தன. கிழவருக்கும் உப்புத்தாளுக்கும் கால் மணி நேரம் தர்க்கம் நடந்தது. கிழவர் தோற்று, இரண்டுக்கும் விலை கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஏணிக்கு முதன்முறையாக ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் முழு வேலை கிடைத்தது. அக்கா தன் தெருச்சுற்றில் அந்த வழியே போனபோது சாரம் எழுந்திருந்தது. ஏணி ஏறத் தயாராகப் பெயின்ட் வாளியைக் கையில் எடுத்திருந்தார்.

"கொஞ்சம் இரு" என்றாள் அக்கா. பையைத் தரையில் வைத்துவிட்டு, கைக்கு எட்டிய ஒவ்வொரு பூட்டுக்கண்ணியையும் இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தாள்.

"அக்கா, எட்டாததை எல்லாம் என்ன பண்ணப் போறீங்க?" என்று ஏணி கேட்டார்.

"நீ ஏறு. ஏறிக்கிட்டே ஒவ்வொண்ணையும் ஆட்டிப் பாத்துச் சொல்லு. நான் கீழ நிக்கறேன்."

உப்புத்தாள் தலையில் அடித்துக்கொண்டார். ஏணி ஏறினார். ஒவ்வொரு கண்ணியிலும் நின்று, ஆட்டி, "இறுக்கமா இருக்கு" என்று மேலிருந்து குரல் கொடுத்தார். கடைசிக் கண்ணிவரை அக்கா அண்ணாந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.